மிச்சப் பலகை

தச்சன் மேல் பைபிளில் வரும் அந்த ஏசாயா தீர்க்கதரிசிக்கு என்ன கோபமோ தெரியவில்லை. ஒருத்தன் மரத்தை வெட்டினானாம், பாதியை அடுப்பில் வைத்துச் சோறு பொங்கினானாம், மீதியைச் செதுக்கித் தெய்வமென்று விழுந்து கும்பிட்டானாம். கேலி செய்தது அந்தக் காலத்துத் தச்சனை. விடிந்தது என்னவோ, 1959இல் சிராங்கூன் ரோட்டுச் சந்தில் பட்டறை வைத்திருந்த இந்த யோபுவின் தலையில்.

என் மகள் ரூத்துக்குக் கேலாங் பையன் ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்போம். மூன்றும் வாசித்தால்தான் தாலி. இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முன்னால் தைப்பூசம் வந்து தொலைத்தது.

மருதப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். என் பெண்சாதி செத்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். மகன் காய்ச்சலில் பிழைத்ததற்கு முருகனிடம் நேர்ந்துகொண்டு, காவடி செய்து தரச் சொன்னான். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? செய்து கொடுத்தேன். அந்தப் புண்ணியவான் பேசாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? டேங்க் ரோட்டு முருகன் கோயில் வாசலில் நின்ற எங்கள் சபை மூப்பர் தேவசகாயத்திடம், காவடி யோபு அண்ணன் கைவேலை என்று பெருமையடித்திருக்கிறான். கோயில் வாசலில் மூப்பருக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மூப்பர் போதகரையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். போதகர் வாயில்லாப் பூச்சி. மூப்பர்தான் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினார். எருசலேமைச் சுட்டெரித்த கோபம் என்னால் சபை மேல் இறங்கப் போகிறதாம். ஞாயிறன்று எல்லார் முன்னாலும் எழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் மூன்றாவது ஓலையாம். ரூத் அன்று சாப்பிடவில்லை. கேட்டுவிடுங்கள் அப்பா என்று மட்டும் சொன்னாள். சரி, கேட்டுத் தொலைக்கிறேன் என்றேன்.

ஞாயிறு வந்தது. மூப்பர் அந்தப் பாதி மரத்துக் கதையையே வாசித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். எழுந்தேன். மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் தலைக்கு மேலே சுவரில் சிலுவை, நான் சும்மா செய்து கொடுத்தது. ஈஸ்டருக்கு ஈஸ்டர் தேக்கா மார்க்கெட்டில் மல்லிகை வாங்கி அதற்கு மாலை போடுவது மூப்பர் வீட்டு உரிமை. வேறு யாராவது போட்டால் சண்டைக்கு வருவார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காவடி செஞ்சது நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தேக்குப் பலகை வாங்கினேன். பாதியில இந்தச் சிலுவையச் செஞ்சேன். மிச்சப் பலகையிலதான் காவடி. எந்தப் பாதிக்கு மன்னிப்புக் கேக்கணும், நீங்களே சொல்லுங்க."

மூப்பர் முகம் கறுத்தது. காவடிப் பலகையில் செய்த சிலுவையை உடனே கழற்ற வேண்டும் என்றார். யார் கழற்றுவது? சபையில் ஏணி ஏறிப் பழகினவன் நான் ஒருவன்தானே!

"ஓலைய வாசிங்க, கழட்டுறேன்."

வாயில்லாப் பூச்சி போதகர் மூப்பர் பக்கம் திரும்பாமலே வாசித்தார். தடை சொல்வோர் உண்டா என்று கேட்டார். இல்லை. ரூத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொன்னபடி கழற்றினேன். அது இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. ஜெபம் முடிந்து வெளியேறிய மூப்பர், பழக்கதோஷம், வாசலில் நின்று திரும்பி அந்த வெறுஞ்சுவருக்குத் தலை குனிந்தார். மாட்டினார் மனுஷன் என்று எனக்கு ஒரே குஷி. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், சிலுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறேன், சுவரைப் பார்த்து என் தலையும் குனிந்திருக்கிறது.