முட்டியில் ஒன்றுமில்லை

தையல்காரிக்கு எட்டு மாதமாக வலது முட்டியில் வலி. வைத்தியம் பார்த்தவர் சொந்தத் தாய்மாமன், முட்டி ஆபரேஷனிலேயே பேர் வாங்கிய எலும்பு டாக்டர். மூன்று முறை முட்டியைப் படம் எடுத்தார். "முட்டி தங்கமா இருக்கு. நீதான் பெடலை மிதிச்சு மிதிச்சு வலியை வரவழைச்சுக்கிற" என்று மூன்று முறையும் திட்டினார். திட்டும் மருந்துதான் போலும் என்று இவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

நான்காம் முறை எக்ஸ்ரே எடுத்த பெண் ஒரு சிடுமூஞ்சி. தையல்காரி மேசையில் ஏறப் பட்ட பாட்டைப் பார்த்தாள். டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இடுப்பையும் சேர்த்துப் படம் பிடித்தாள். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில், எலும்பை அரித்துவிட்டு எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்று சொகுசாக உட்கார்ந்திருந்தது. இடுப்பில் கோளாறு என்றால் முட்டியிலும் வலிக்கும் என்பது படிக்கிற காலத்துப் பாடமாம். மாமா அன்றைக்கு லீவு போட்டிருப்பார்.

கட்டி அறுக்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். "முதல்ல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும். ஊசி போற வழியெல்லாம் கட்டி சிந்தி அங்கேயும் முளைக்கும். அதனால அறுக்கப்போறவங்கதான், அறுக்கப்போற கோட்டுலயே குத்தணும். கண்ட இடத்துல குத்தினா காலையே எடுக்க வேண்டி வரலாம்" என்றார் அவர்.

மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. ஊசியோடு வந்தார். "இப்பவே நானே சதை எடுத்துடுறேன். குடும்ப விஷயம் வெளியில எதுக்கு?"

"மாமா மனசு நோகும்டி" என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். தையல்காரியின் பிழைப்பே அந்தக் காலில்தான் ஓடியது.

"நோகட்டும்மா. அவர் மனசு நாலு நாள்ல ஆறிடும். எனக்கு மாத்துக் கால் இல்லை."

டாக்டரம்மாவே குத்தினார். பொல்லாத புற்றுக் கட்டிதான். ஊசி போன தடத்தோடு சேர்த்து அதை அறுத்தெடுத்து, போன எலும்புக்குப் பதில் உலோகம் வைத்தார்கள். கால் பிழைத்தது.

ஐந்தாம் நாள் மாமா வந்து போர்வையை விலக்கி முட்டியை அமுக்கினார். "பார்த்தியா? முட்டியில ஒண்ணுமில்லைன்னு நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்."

திரும்பும்போது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு மாசமா முட்டி வலிக்குது. அந்த எக்ஸ்ரே பொண்ணு இன்னைக்கு டியூட்டியில இருக்கா?"

"இருக்கா மாமா. சீட்டுல முட்டின்னே எழுதிக் கொடுங்க. மிச்சத்தை அவ பார்த்துப்பா."