பலகை நின்ற இடம்

எங்கள் ஊரில் வழி கேட்டால் இருப்பதைச் சொல்ல மாட்டோம், இருந்ததைத்தான் சொல்வோம். "எரிஞ்சுபோன பஞ்சு ஆலைகிட்ட இடது பக்கம் திரும்பு, டாக்டர் வீடு இருந்த இடத்தைத் தாண்டு, பெரிய மரம் நின்ன இடத்துல நில்லு" என்போம். ஆலை எரிந்தது என் அப்பா பிறப்பதற்கு முன்பு. டாக்டர் வீடு இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. அந்தக் கடையை யாரும் அடையாளமாகச் சொல்வதில்லை. வந்து இருபது வருடம்தானே ஆகிறது, நிலைக்குமா என்று பார்க்க வேண்டாமா?

நான் ஓலெட்டா. டன்னவே நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். ஆஸ்க்யூ மாவட்ட வரலாற்றுக் கழகத்தில் உறுப்பினரும்கூட. உறுப்பினர் என்றால் கூட்டத்துக்கு முட்டை அவித்து மசாலா அடைத்துக் கொண்டு போகிறவள் என்று பொருள்.

கழகத்தின் தலைவி வைனெல் காத்கார்ட். எண்பதைத் தாண்டியவர். எங்கள் மாவட்டத்தின் முதல் நீதிமன்றம் கூடியது அவருடைய வீட்டு மூலையில் நின்ற பெக்கான் என்ற பெரிய கொட்டை மரத்தடியில்தான். நீதிபதியாக உட்கார்ந்தவர் அவருடைய முப்பாட்டனார். நாற்காலி இல்லாததால் பன்றித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாராம். மரம் எந்தக் காலத்திலோ புயலில் போய்விட்டது. அந்த இடத்தில் மாநில அரசின் வார்ப்பிரும்பு வரலாற்றுப் பலகை ஒன்றை நட வேண்டும் என்று பல வருடம் மன்றாடி, கடைசியில் வாங்கியும் விட்டார். திறப்பு விழா சனிக்கிழமை.

இதே கழகத்துக்கு ஓசெல் பேட்டிலும் மூன்று முறை வந்திருக்கிறார். நகரத்துக்கு வெளியே கீரைத் தோட்டம் வைத்திருப்பவர், மவுண்ட் நீபோ தேவாலயத்து மூப்பர். அவருடைய தோட்டத்துக்குப் பின்னால் அவருடைய கறுப்பின முன்னோர்களின் இடுகாடு இருக்கிறது. அடிமைகளாக இருந்து செத்தவர்கள் தொடங்கி அங்கேதான் கிடக்கிறார்கள். தலைமாட்டில் வயல் கல், அவ்வளவுதான். புதிய புறவழிச் சாலை அதன் மேல்தான் வரப்போகிறது, திங்கட்கிழமை இயந்திரம் வந்துவிடும். அது இடுகாடுதான் என்று கழகம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டார்.

"பேரு இல்ல, தேதி இல்ல. எழுத்தில்லாத கல்லு வெறும் கல்லுதான், ஓசெல். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கழகத்துக்கு ஆதாரம் வேணும்" என்று வைனெல் சொல்லிவிட்டார். ஓசெல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். முட்டைத் தட்டோடு நானும் அங்கே நின்றேன்.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட வாத்தியக் குழுவைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வைனெல் வீட்டு மூலைக்குப் போனேன். ஊரே கூடியிருந்தது. சுட்ட பன்றிக்கறி மணந்தது. மெதடிஸ்ட் பாதிரியார் ஜெபம் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தது, பலகையைத்தான் காணோம்.

"நேத்தே நட்டுட்டுப் போயாச்சுன்னு தலைநகரத்துல சொன்னானே!" என்றார் ஹாலிஸ் டார்வாட்டர். கழகத்தின் துணைத் தலைவர், லாரிக்காரனுக்குப் போனில் வழி சொன்னவர்.

"என்ன வழி சொன்னே ஹாலிஸ்?" வைனெல் கேட்டார்.

"என்ன சொல்றது? எரிஞ்ச ஆலைகிட்ட திரும்பு, டாக்டர் வீடு இருந்த இடத்தைத் தாண்டு, பெரிய பெக்கான் நின்ன இடத்துல நடுன்னேன். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியுமே."

"எந்த ஆலை?"

எங்கள் மாவட்டத்தில் எரியாத ஆலை எது? வடக்குச் சாலையிலும் ஒன்று எரிந்தது. அதைத் தாண்டினால் மாட்டு டாக்டர் வீடு இருந்த இடம் வரும். அதையும் தாண்டினால் ஓசெலின் தோட்டம்.

என் பேருந்து முன்னே போக, பின்னால் நாற்பது கார். சவ ஊர்வலம் என்று நினைத்து எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டியை ஓரம் கட்டி மரியாதை செய்தார்கள். உள்ளே டிரம் அடிக்கிற பையன் அவர்களுக்குக் கை காட்டிக்கொண்டே வந்தான்.

பலகை அங்கேதான் நின்றது, கீரைத் தோட்டத்து ஓரத்தில், சிமெண்டில் ஊன்றி, கம்பீரமாக. "இவ்விடத்தில் நின்ற பெக்கான் மரத்தடியில்..." என்று பொன்னெழுத்து மின்னியது. சுற்றிலும் புல்லை ஒழுங்காக வெட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு அணிந்து ஓசெல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, மிஸ் வைனெல். விழாவுக்கு நேரமாச்சேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஓசெல்! நீ தடுத்திருக்க வேணாமா?"

"நான் எதுக்குத் தடுக்கணும்? வந்தவன், இங்க பெரிய பெக்கான் மரம் நின்னுச்சான்னு கேட்டான். நின்னுச்சுன்னேன். நின்னுச்சே! இடி விழுந்து போச்சு. என்ன எழுதியிருக்குன்னு அவன் சொல்லல, நானும் கேக்கல. அரசாங்கத்துப் பொருளாச்சே."

சாலை வேலைகளைப் பார்க்கும் மாவட்ட ஆணையர் ஆர்வில் ஸ்டான்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "வைனெல் அக்கா, இது தப்பான இடம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மாநிலப் பலகை நிக்கிற இடத்துல நான் ஒரு கைப்பிடி மண்ணை எடுக்க முடியாது. திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்கணும்."

"சொன்னா, பலகை என்ன ஆகும்?"

"திரும்பிப் போகும். மறுபடி மனு போடணும். மறுபடி ஆதாரம் காட்டணும். ஒரு எட்டு வருஷம் ஆகும்."

வைனெல் முகம் வெளுத்தது. எட்டு வருடத்துக்கு அவருடைய உடம்பில் தெம்பில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"முதல் தடவை என்ன ஆதாரம் காட்டினீங்க, மிஸ் வைனெல்?" ஓசெல் பணிவாகத்தான் கேட்டார்.

"எங்க குடும்பத்துல வழிவழியா சொன்னாங்க. அதையே எழுதி அனுப்பினேன்."

"ஓ. எங்க குடும்பத்துலயும் சொன்னாங்க."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். நான்தான்.

வைனெல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்குப் பின்னால் நடந்தார். விழுந்துவிடுவாரே என்று பின்னாலேயே ஓடினேன். தேவதாரு மரங்களுக்கு அடியில் அந்தக் கற்கள் இருந்தன. தரை முழுக்க நீலப் பூவோடு கல்லறைக்கொடி படர்ந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கொடி தானாக வராது. செத்தவர்களுக்காக யாராவது கொண்டுவந்து நட்டால்தான் உண்டு. காத்கார்ட் குடும்பக் கல்லறையிலும் அதே கொடிதான். வைனெலே வருடா வருடம் மண்டியிட்டுக் களை பிடுங்குவார்.

குனிந்து ஒரு கொடியைத் தொட்டுப் பார்த்தார். "இதை யார் நட்டது?"

"எங்கம்மா. அதுக்கு முன்னால அவங்கம்மா" என்றார் பின்னால் வந்து நின்ற ஓசெல்.

"இந்தக் கல்லு யாரு?"

"சில்வி. எங்க கொள்ளுப்பாட்டிக்கு அக்கா. பக்கத்துல அவ குழந்தை, பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு. அந்தாண்ட ப்ரைமஸ், கொல்லன்."

மூன்று முறை கேட்டுவந்தவரைத் திருப்பி அனுப்பிய அதே முகம்தானா என்று வைனெலைப் பார்த்தேன். அவர் திரும்பி, விழாவுக்கென்று போட்ட புதுச் செருப்பு சேற்றில் புதைய, பலகைக்கு வந்தார்.

"ஆர்வில்! பலகை சரியான இடத்துலதான் இருக்கு."

"அக்கா! உங்க வீட்டு மூலைன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு..."

"எனக்கு வயசாச்சு. மூலை மாறிப்போச்சு. பாதிரியாரே, ஜெபத்தைச் சொல்லுங்க, கறி ஆறுது."

வாத்தியக் குழு முழங்கியது. என் கண்ணில் தண்ணீர் வந்ததை டிரம் சத்தத்தின் மேல் பழி போட்டேன்.

திரும்பும்போது வைனெல் என் பேருந்தில்தான் வந்தார். "ஓலெட்டா, பாதிரியார் முன்னால பொய் சொல்லிட்டேன்" என்றார்.

"பன்றித் தொட்டி மட்டும் நிஜமாக்கும்?" என்றேன். கைத்தடியால் என் இருக்கையை ஒரு தட்டு தட்டினார்.

அடுத்த மே மாதம் இடுகாட்டைச் சுத்தம் செய்து பூ வைக்கிற ஞாயிறன்று அவரே அங்கே போனார். ஒவ்வொரு கல்லாக ஓசெல் பெயர் சொல்ல, "மெதுவா சொல்லுங்க ஓசெல், நான் மனசுல ஏத்திக்கணும்" என்றார்.

புறவழிச் சாலை அந்த இடத்தில் வளைந்து போகிறது. வைனெலின் வீட்டு மூலையில் இன்றும் ஒன்றுமில்லை. ஆகவே ஊரில் அதற்கு வழி சொல்லும்போது, "பலகை இருந்திருக்க வேண்டிய இடத்துல திரும்பு" என்கிறோம். இடுகாட்டுக்கு மட்டும் வேறு மாதிரி: "நேரா போ. ரோடு காரணமில்லாம வளையும். அங்க நில்லு." எங்கள் மாவட்டத்திலேயே, இருப்பதை வைத்து நாங்கள் சொல்லும் வழி அது ஒன்றுதான்.