தையல்காரியின் பின்சக்கரம்

பம்பின் வாய் வால்வில் மாட்டவே இல்லை. தையல்காரி அதைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தாள். சரியாக வால்வுக்கு மேலேயே இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று கடந்து வழிமறித்து நின்றன. முதல் கம்பியை ஒரே ஒரு துளை தள்ளிக் கோத்ததில் வந்த வினை.

மூன்று வார உழைப்பு. சைக்கிளின் பழைய பின்சக்கரம் உடைந்தபோது, கடைக்குப் போக மாட்டேன், நானே கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். முப்பத்தாறு கம்பிகளையும் எண்ணி எண்ணிக் கோத்தாள். துணியில் அளவு குறிக்கும் சாக்குக்கட்டியை ரிம்மின் ஓரமாகப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். கோடு விழுந்த இடத்திலெல்லாம் எதிர்ப்பக்கக் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்தாள். இருபது வருடமாக அடுத்தவர் அளவுக்கே தைத்த கை. தனக்கென்று ஒன்றைச் செய்தது இதுதான் முதல் தடவை. நாளைக் காலை இதிலேயே ஏரிவரை வருவதாக அக்காவிடம் ஜம்பம் வேறு அடித்திருந்தாள்.

பஸ் ஓட்டுகிற கணவர் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டைக் கட்டிட்டு வாசல் வைக்க மறந்துட்டியே."

"சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா அந்த ஸ்பேனரை எடுங்க."

"கடையில குடுத்தா அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்துருவாங்கம்மா."

"அப்போ அது அவங்க சக்கரமா ஆயிடும்."

அழுகை வரவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். இடது கையை வலப்பக்கம் மாற்றித் தைத்த சட்டைகளை எத்தனை தடவை சத்தமில்லாமல் பிரித்திருக்கிறாள். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் அவற்றை நீளம் பார்த்து இரண்டு குவியலாக வைத்தார். மூன்று வாரத்தில் கை பழகியிருந்தது; வெயில் சாய்வதற்குள் மறுபடி கோத்து, கோட்டம் எடுத்து, காற்றும் அடித்தாயிற்று.

காலையில் அக்கா தன் சைக்கிளோடு வாசலில் நின்றாள். சக்கரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னைத் தாங்குமாடி இது?"

"ஏறினாத்தானே தெரியும்."

ஏறினாள். இரண்டு மிதிதான் மிதித்திருப்பாள், பின்னால் 'டிங்' என்றது. மறுபடி டிங், டிங். கம்பி அறுந்துகொண்டிருக்கிறதா? இறங்கிவிடலாம். ஆனால் பின்னால் அக்கா வருகிறாள். திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் சத்தம் தேய்ந்துவிட்டது. கம்பிகள் தங்கள் தங்கள் இடத்தில் சரியாக உட்கார்ந்துகொள்கின்றன போலிருக்கிறது. சக்கரம் ஆடவில்லை.

ஏரிக்கு இறங்கும் சாலை வந்தது. இன்னும் ஒரே ஒரு டிங். அவள் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்தாள்.