இரண்டாவது துளை

வெள்ளிக்கிழமை காலை எம்பிராய்டரி மெஷினின் சுவிட்சைப் போட்டதும் வழக்கமாக வரும் பச்சை எழுத்துகள் வரவில்லை. டிஸ்க் டிரைவ் மூன்று முறை கரகரத்தது. டிஸ்க்கைப் போடச் சொல்லி ஒரு வரி வந்து திரையில் அப்படியே நின்றது. டிஸ்க் உள்ளேதான் இருந்தது.

ஆறு தலைகள் கொண்ட அந்த மெஷினுக்கு வயது முப்பத்தைந்து. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கிலிருந்து தன் மொத்த அறிவையும் படித்துக்கொண்டால்தான் ஊசி அசையும். செய்த கம்பெனியை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன.

மேஜையில் ஆஸ்பத்திரி நர்சுகளின் இருநூற்று நாற்பது சட்டைகள் அடுக்கியிருந்தன. திங்கட்கிழமைக்குள் ஒவ்வொன்றின் பையிலும் சின்னம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வேலை கைமாறிவிடும், அதை நம்பியிருக்கும் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இது காப்பிதானே, ஒரிஜினல் டிஸ்க்கை எடுத்துப் போடு" என்றாள் அண்ணி. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பட்டறையில் எல்லோருக்குமே அவள் அண்ணி ஆகியிருந்தாள்.

கொழுந்தன் காதைச் சொறிந்தான். "அதுல ஆஸ்பத்திரி டிசைனை ஏத்திட்டேன் அண்ணி."

"ஏத்திட்டேன்னா?"

"அழிச்சுட்டுத்தான்."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"புதுசுல காப்பி எடுத்தேன். மூணு வாரமா நல்லாத்தானே ஓடிச்சு! இந்த மெஷினுக்குப் பொருந்தற டிஸ்க் குதிரைக்கொம்பா இருக்கு. பழசு ஒண்ணு சும்மா கிடக்கேன்னுதான்..."

"உன்னைக்கூடத்தான் சும்மா வச்சிருக்கேன். அழிச்சுட்டேனா?"

மதியம்வரை அவன் இணையத்தில் தேடினான். கிடைத்தவை எல்லாம் வேறு மாடலுக்கானவை. அதற்குள் அவள் புது டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள். அந்த மெஷினுக்கு ஏற்ற பழைய வகை டிஸ்க்கில் ஒரு மூலையில் மட்டும் துளை இருக்கும். பிற்பாடு வந்த, அதிகம் பதியக்கூடிய வகையில் இரண்டு. இதன் இரண்டாவது மூலையில் கறுப்பு டேப் கச்சிதமாக ஒட்டியிருந்தது. நகத்தால் பிய்த்தாள். உள்ளே துளை.

டிஸ்க் விற்ற கடை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கீபோர்டு மலைகளுக்கு நடுவே கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் டிஸ்க்கை அவர் முன் வைத்தாள்.

"எத்தனை ஓட்டை இருக்கு? எண்ணுங்க."

"ரெண்டு வகை டிஸ்க்கும் ஒரே சைஸ்தானேம்மா. டேப் போட்டா உங்க மெஷின் ஏத்துக்குது. எல்லாரும் பண்றதுதான்."

"ஏத்துக்கும். அப்புறம் ஒருநாள் எதுவும் ஞாபகம் இல்லைன்னு முழிக்கும். ஓட்டையை மூடினா வேற டிஸ்க் ஆயிடுமா? உங்க வாயில டேப் போட்டா நீங்க யோக்கியன் ஆயிடுவீங்களா?"

"கோவப்படாதீங்க. வேற யாரும் குறை சொல்லலையே. உங்க நாத்தனார்கூடப் போன வாரம் ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனாங்க."

ஒரே மாதிரியான இரண்டு மெஷின்கள் ஒருகாலத்தில் ஒரே பட்டறையில் ஓடின. மூன்று வருடங்களுக்கு முன் நாத்தனார் ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணி கேட்காமலே கடையின் டிஸ்க் அட்டைப்பெட்டியை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இருநூற்றுக்கு மேல் இருந்தன. உண்மையிலேயே ஒற்றைத் துளை உள்ளவை இரண்டே இரண்டு. பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கடைக்காரர் தடுக்கவில்லை.

நாத்தனாரின் பட்டறை நான்கு தெரு தள்ளி இருந்தது.

"அடடே, வழி ஞாபகம் இருக்கே அண்ணி" என்றாள் நாத்தனார், மெஷினை விட்டு எழுந்திருக்காமல்.

"ஒரிஜினல் டிஸ்க்கை அழிச்சுட்டியா?"

"வந்ததும் வராததுமா இது என்ன கேள்வி? இன்னும் இல்ல. காப்பி நல்லா ஓடுது. நாளைக்கு அழிச்சுட்டு டிசைன் ஏத்தலாம்னு இருக்கேன்."

அண்ணி மேஜையில் கிடந்த புது டிஸ்க் ஒன்றை எடுத்து டேப்பைப் பிய்த்துக் காட்டினாள். நாத்தனார் பார்த்தாள். தன் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பிய்த்தாள். இன்னொன்று. ஐந்தாவதற்குப் பிறகு பெட்டியோடு சுவரில் அடித்தாள்.

"என் தம்பி அழிச்சுட்டானா?"

"அழிச்சுட்டான்."

"மண்டையில மசாலாவே கிடையாது அவனுக்கு."

"நீ நாளைக்கு அழிக்கறதா இருந்தே." அண்ணி பையிலிருந்த இரண்டு ஒற்றைத் துளை டிஸ்க்குகளை மேஜையில் வைத்தாள்.

நாத்தனார் இழுப்பறையைத் திறந்து ஒரிஜினலை எடுத்தாள். அழியாமலிருக்க அதன் மூலையிலிருந்த சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். "வெளிய எடுத்துட்டுப் போக விடமாட்டேன். இங்கயே, என் கண்ணு முன்னாடி காப்பி எடுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்கு."

மெஷினுக்கு ஒரே டிரைவ், கொஞ்சம்தான் நினைவு. ஒரிஜினலைப் போட்டுக் கொஞ்சம் படிக்கவைத்து, வெளியே எடுத்து, காலி டிஸ்க்கைப் போட்டு எழுதவைத்து, மறுபடியும் ஒரிஜினல். ஒரு காப்பிக்குப் பதினோரு தடவை. ஒரிஜினலை நாத்தனார் போட்டாள், காலியை அண்ணி போட்டாள்.

"நல்ல மோட்டாரை வச்சுக்கிட்டு எனக்கு இரைச்சல் மோட்டாரைத் தள்ளி விட்டீங்க" என்றாள் நாத்தனார், நான்காவது தடவை.

"நூல் ஸ்டாண்டு மொத்தத்தையும் ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போனது யாரு?"

"என் புருஷனைத் திருடன்னு சொன்னீங்க!"

"இப்பவும் சொல்றேன். இந்தா, உன் முறை. போடு."

ஏழாவது தடவை அண்ணி ஆத்திரத்தில் காலி டிஸ்க்கை மெஷின் கேட்பதற்கு முன்பே நுழைக்கப் போனாள். நாத்தனார் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். பிடித்த கையை உடனே உதறினாள். இரண்டு காப்பிகளும் முடியும்வரை திட்டும் நிற்கவில்லை, டிஸ்க் வரிசையும் தப்பவில்லை.

மெஷினை அணைத்து, அண்ணியின் காப்பியைப் போட்டு, மறுபடி இயக்கினார்கள். பச்சை எழுத்துகள் வந்தன.

"மூணு வாரம் கழிச்சு, போயிடுச்சுன்னு வந்து நிக்காதீங்க."

"நிப்பேன். ஒரிஜினலைப் பத்திரமா வச்சிரு. இல்லைன்னா உன்னையும் சேர்த்துக் கிழிப்பேன்."

ஆறு மணிக்கு அண்ணி தன் பட்டறைக்குத் திரும்பி டிஸ்க்கைத் தன் கையாலேயே செருகினாள். அடுத்த நிமிடம் ஆறு ஊசிகளும் ஆறு சட்டைப் பைகளின் மேல் இறங்கின. கொழுந்தன் கையில் இன்னொரு புது டிஸ்க்கோடு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணி, இதை ஒரு காப்பி எடுத்து வச்சுடட்டுமா?"

அவள் பேசத் தொடங்கினாள். ஊசிகளின் இரைச்சலில் அவனுக்குப் பாதிதான் கேட்டது. மீதிப் பாதியையும் அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள், முதல் ஆறு சட்டைகள் முடியும்வரை.