மூக்கு சொன்னா சரி

...இல்லை, பால் தீய்ந்தது அடுப்பின் தப்பு, தீயைக் குறைத்துத்தானே வைத்திருந்தாள், ஆனால் குளியலறைக்குள் இருந்த மனுஷனுக்கு அந்த வாடை எட்டி, அவர் தலையில் நுரையோடு ஓடி வருகிறார், அடுப்புக்கு எதிரிலேயே நின்ற இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? "மூக்கை எங்கடி அடகு வச்ச?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இப்போது வேலை பார்க்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டி ஓரம், ஆற்றுக்குத் தண்ணீர் விடும் மதகின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரிப்பு மட்டும் எங்கோ வழியில் நின்றுவிட்டது. போன மாதம் அடித்த காய்ச்சல்... அதில் போயிருக்குமோ? சேச்சே, மூக்கு போனால் தெரியாதா, இதோ குனிந்தால் ஈர மண் வாசனை வருகிறதே, ஊர்க் கழிவெல்லாம் புரண்டு தெளிந்து வந்தால் அடிக்கும் அதே நல்ல வாசனை, தினமும் வருவது, இன்றும் வருகிறது. அப்புறம் பால் மட்டும் ஏன்?

தண்ணீர் சுத்தமாகிவிட்டதா என்று காட்டும் மீட்டர் பழுதாகிப் போனதிலிருந்து இங்கே அவள் மூக்குதான் மீட்டர். பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவு வருவதற்குள் தண்ணீர் கடலுக்கே போய்ச் சேர்ந்துவிடும். "உன் மூக்கு சொன்னா சரிம்மா" என்பார் இன்ஜினியர், அதை வீட்டில் போய் அவள் அளந்துவிட்டது கொஞ்சமா நஞ்சமா! வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அண்ணே, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றாள். அவர் தள்ளி நின்றே முகத்தைச் சுளித்தார். "இங்க என்னிக்கும்மா மணந்துச்சு? எனக்கு எல்லாம் ஒரே நாத்தம்தான்." நல்ல ஆளைப் பிடித்துக் கேட்டாள் போ! தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு, நிழலோ என்னவோ, திறக்காவிட்டால் மதியத்துக்குள் தொட்டி தளும்பும், திறந்தாலோ... சரி, முதலில் கையைக் கழுவுவோம் என்று குழாயடிக்குப் போனாள். சோப்பை எடுத்து முகர்ந்தாள். மல்லிகை! அப்பாடா, உயிரே வந்தது, இதற்குப் போய் காலையிலிருந்து என்ன பாடு. கை நுரைத்த பிறகுதான் கண்ணில் பட்டது, சோப்பு பச்சையாக இருக்கிறது, மல்லிகை சோப்பு வெள்ளை அல்லவா? "அது நேத்தே தீந்துபோச்சும்மா, இது எலுமிச்சை" என்றார் வாட்ச்மேன். மறுபடி முகர்ந்தாள். எலுமிச்சை வந்தது.

அப்படியென்றால் இந்த மூக்கு எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்கிறதா? ஈர மண் தொட்டியிலிருந்து வந்ததா, இவள் தலைக்குள்ளிருந்தே வந்ததா? போன வாரம் அக்கா போனில், "ஆத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடி, பசங்களைக் குளிக்க விடலாமா?" என்று கேட்டாளே, கீழே ஆற்றோரம் குடியிருப்பவள், இவள் என்ன சொன்னாள்? உனக்கு எதுலதான் குறை இல்ல, நான் இருக்கேன்ல, தாராளமா விடு என்றாள். இன்று பள்ளிக்கூடம் லீவு, ரெண்டும் விடிந்ததும் தண்ணீரில் விழுந்திருக்கும், சின்னவன் வாய் நிறையத் தண்ணீரை எடுத்துப் பெரியவன் மேல் துப்புவான், பாவி, நான் பாவி... திரும்பி வந்து மதகின் சக்கரத்தைப் பிடித்தபோது போன் அடித்தது. இன்ஜினியர்தான். "திறந்தாச்சாம்மா? வாடை எப்படி?" அவர் கேட்டதுதான் தாமதம், குப்பென்று ஈர மண் வாசனை வந்தது, இவ்வளவு நன்றாக அது ஒருநாளும் வந்ததில்லை. சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். "சார், நீங்களே வந்து ஒருவாட்டி மோந்து பாருங்க." "ஏன்மா, நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" நேற்று... நேற்று நல்லா இருந்ததா? காய்ச்சல் விட்ட நாளிலிருந்து தினமும் நல்லா இருக்கு சார் என்றுதானே சொன்னாள், அதில் எது தண்ணீர், எது அவள்? "அது தெரியல சார்" என்றாள். மறுமுனையில் அவர் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார், ஈர மண் வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தது.