பஞ்சுன்னு சொல்லக்கூடாது

நலத்துறை அலுவலகத்தின் கூடத்தில் போட்டிருந்த பெஞ்சுகளை எந்த மகராசன் செய்தானோ, அவன் ஒருநாள்கூட அவற்றில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான். சாய்மானம் கிடையாது. லோடுமேன் ஒரு பக்கப் பிட்டத்தை மட்டும் பெஞ்சின் ஓரத்தில் வைத்து, வலது காலை முன்னால் நீட்டி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி இருந்தால்தான் இடுப்பில் கிளம்பி முழங்கால்வரை வெட்டிக்கொண்டு இறங்கும் வலி கொஞ்சமாவது அடங்கும்.

"எங்க, ஒரு தடவை முனகுங்க பார்ப்போம்," என்றாள் மனைவி.

"இங்கேயா?"

"பின்னே, உள்ள போயி அந்தம்மா முன்னாடியா பழகப் போறீங்க? முனகுங்க."

லோடுமேன் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சத்தம் கொடுத்தார். எதிர் பெஞ்சில் தாயின் மடியில் இருந்த குழந்தை கெக்கலி கொட்டிச் சிரித்தது.

"மாடு தண்ணிக்குக் கத்தற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. "ராத்திரி எல்லாம் சொல்லிக் குடுத்தேனே. வாயைத் திறக்காம, மூக்கால வரணும்."

"வலிக்கும்போது வராதுடி எனக்கு. பல்லைக் கடிச்சுத்தான் பழக்கம்."

"அந்தப் பல்லைக் கடிச்ச லட்சணத்தாலதான் இங்க வந்து உக்காந்திருக்கோம்."

அவள் சொன்னது பொய்யில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து வீடு மாற்றும் கம்பெனியில் சாமான் தூக்கியவர் அவர். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தோளில் பாரம் இருக்கும்போது யாராவது "கனமா?" என்று கேட்டால் "பஞ்சு" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஒருவன் வாய்விட்டுக் கனம் என்று சொல்லிவிட்டால் மறுமுனையைப் பிடித்திருப்பவனுக்குக் கை தளர்ந்துவிடும், சாமான் படியில் உருளும். அதனால் ஃபிரிட்ஜும் பஞ்சு, இரும்புக் கட்டிலும் பஞ்சு. கட்டைவிரல் நசுங்கியவன்கூடச் சாமானை இறக்கி வைத்த பிறகுதான் அலறுவான்.

வாஷிங் மெஷினோடு மாடிப்படியில் சறுக்கி அவர் முதுகைப் பெயர்த்துக்கொண்ட அன்று, "எப்படிப்பா இருக்கு?" என்று முதலாளி குனிந்து கேட்டார். படிக்குக் கீழே மல்லாந்து கிடந்த லோடுமேன், "பஞ்சு முதலாளி," என்றார். முதலாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார். இவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் இவர் வாயில் அதே பஞ்சுதான் வந்தது. டாக்டர் லேசான வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இன்னைக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில வந்துச்சு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"வராது."

"பாப்பா தலை மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் சத்தியம் பண்ணவில்லை. பாப்பா பேச்சு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உழைக்க முடியாதவர்களுக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகை கிடைத்தால் வாடகைக்கு வழி பிறக்கும். மனைவி லாண்டரியில் இஸ்திரி போட்டுக் கொண்டுவருவதில் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் பாப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சாக்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். திங்கட்கிழமை வரச்சொல்லி சூப்பர்வைசர் ஆள் விட்டிருந்தாள். பாப்பாவுக்கு இது கடைசி வருஷம். "நான் போறேன்மா, சாக்ஸ் பின்றது என்ன பெரிய வித்தையா?" என்று நேற்றுச் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு விரோதமாகப் பாத்திரங்களை எல்லாம் டமார் டமாரென்று போட்டுக் கழுவினாள்.

பக்கத்தில் கைத்தடியோடு இருந்தவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எப்போது வந்தாலும் வேறு தேதி கொடுத்து அனுப்பிவிடுவதால் அவருக்கு இந்தக் கூடத்தில் தேதி என்றே பெயர்.

"தங்கச்சி சொல்றது சரிதான்," என்றார் தேதி. "ஆனா முனகல் மட்டும் போதாது. கேள்வி கேட்டதும் பதில் சொல்லிடக் கூடாது. முதல்ல ஒரு பெருமூச்சு. அப்புறம் மேல சுத்தற ஃபேனை ஒரு பார்வை. அதுக்கப்புறம்தான் பதில்."

"உங்களுக்குக் கிடைச்சுதாண்ணே?" என்று மனைவி ஆவலோடு கேட்டாள்.

"இல்லை. அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க."

லோடுமேனுக்கு அந்தப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. அவர் கண் வேறு இடத்துக்குப் போயிருந்தது. அதிகாரியின் அறைக்கூரை ஒழுகுகிறதென்று அங்கிருந்த பீரோக்களைக் கூடம் தாண்டி, நடைக்கு அப்பாலிருந்த அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தொப்பை பியூன் ஒருவர், ஒல்லி பியூன் ஒருவன். பெரிய இரும்பு பீரோவைக் கோப்புகளைக்கூட வெளியே எடுக்காமல் அப்படியே சாய்த்துத் தூக்கி வந்தார்கள். ஒல்லி பியூன் ரப்பர் செருப்போடு பின்பக்கமாக நடந்து வந்தான். கதவுக்குப் பூட்டில்லை, அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கறதை எடுக்கலை பாரு," என்று முணுமுணுத்தார் லோடுமேன்.

"உங்களுக்கு எதுக்கு? ஃபேனைப் பாருங்க."

"கதவை ஒரு கயிறு போட்டாவது கட்டியிருக்கலாம். அடியில ஒரு சாக்கை விரிச்சா, தானா வழுக்கிட்டுப் போகும்."

"ஊர்ல கல்யாணம், மார்ல சந்தனம். பேசாம இருங்க."

"கண்ணு கூசுதுடி," என்றார் அவர். உண்மையிலேயே கூசியது. தப்பாகத் தூக்குவதைப் பார்ப்பது அவருக்குப் பாட்டுக்காரன் அபஸ்வரம் கேட்கிற மாதிரி.

கூடத்தில் பாதி தூரம் வந்தபோது பீரோவின் கதவு தடாரென்று திறந்துகொண்டது. கோப்புகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. தொப்பை பியூனின் கையிலிருந்து பிடி நழுவியது. ஒல்லி பியூனின் செருப்பு வழுக்கி, அவன் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ள, பீரோ அவன் மேல் மெதுவாகச் சாய ஆரம்பித்தது.

மனைவிக்குத் தெரிந்ததெல்லாம், தன் தோளில் இருந்த கை சட்டென்று காணாமல் போனதுதான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் லோடுமேன் பீரோவுக்கும் பியூனுக்கும் நடுவில் முதுகைக் கொடுத்திருந்தார். "கையை எடு. நீ விலகு. போ அந்தப் பக்கம்," என்று பல்லிடுக்கில் உத்தரவு போட்டார். ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினார். முழங்காலை லேசாக மடக்கி, பாரத்தை முதுகில் வாங்கி, பீரோவை அதன் அடிமூலை ஒன்றில் நிறுத்தி, அடுத்த மூலைக்கு மாற்றி, அடி அடியாக நடத்திக்கொண்டு போனார். சுவரோரம் சேர்த்து, சத்தமே வராமல் இறக்கி, கதவு திறக்க இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கூடமே கைதட்டியது. தேதி கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து, சட்டென்று தடியை ஊன்றிக் கூனிக்கொண்டார்.

அறை வாசலில் அதிகாரி அம்மாளும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "அடேயப்பா. என்னமா தூக்கறீங்க. கனமா இல்ல?" என்று கேட்டார்.

நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, லோடுமேன் சொன்னார். "பஞ்சு மேடம்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

லோடுமேன் நகரவில்லை. ஒரு கை பீரோவின் மேல் இருக்க, ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்குப் போட்டோவுக்கு நிற்பதுபோல் இருந்தது. மனைவிக்கு மட்டும்தான் தெரிந்தது, அவர் நிற்கவில்லை, தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். கை பீரோவிலிருந்து தோளுக்கு மாறியதும் அவருடைய முழு எடையும் அவள் மேல் இறங்கியது. வலது கால் பெருக்குமாறு மாதிரித் தரையில் இழுபட, அறைக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

"இதென்ன, இப்ப காலை இழுக்கறீங்க?" என்றார் அதிகாரி.

லோடுமேன் நாற்காலியில் உட்காரப் போனார். அப்போது அவரை அறியாமல் ஒரு முனகல் வந்தது. பிறந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் நிஜ முனகல். என்ன கொடுமை, அதுவும் மாடு தண்ணிக்குக் கத்துகிற மாதிரியேதான் இருந்தது.

அதிகாரி சிரித்துவிட்டார். கெட்ட மனுஷி இல்லை அவர். குடிக்கத் தண்ணீர்கூட எடுத்து வைத்தார். "ஐயா, காலையிலேருந்து இந்த மாதிரி முனகலை எத்தனை கேட்டாச்சு தெரியுமா? நான் கண்ணால பார்த்தேனே இப்ப."

"அது பழக்கதோஷம் மேடம்."

"பழக்கம் இன்னும் இருக்குன்னா வேலை செய்யலாம்தானே?"

மனைவி குறுக்கே வந்தாள். "மேடம், அந்தப் பியூன் தம்பி மேல விழுந்திருக்கும் மேடம்."

"விழலையே."

"இவர் புடிச்சதாலதான் விழலை."

"அதைத்தான்மா நானும் சொல்றேன். புடிச்சாரில்ல?"

அதிகாரி பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பீரோவைத் தொடாம உள்ள வந்திருந்தா எழுதிக் குடுத்திருப்பேன். கூடமே கைதட்டிச்சு. நானே தட்டினேன். பீரோ தூக்கற ஆளுக்கு எழுதிக் குடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தர் மேலிடத்துல சொன்னா என் வேலை போயிடும். எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு மேடம்," என்றாள் மனைவி. "திங்கக்கிழமை அவ படிப்பு நின்னுடும்."

அதிகாரி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி மனுப் போடுங்க," என்று சொல்லி எழுதி முடித்தார். முத்திரையைக் குத்திவிட்டு, நிஜமான மரியாதையோடு லோடுமேனைப் பார்த்தார். "எங்க ஆபீஸ்ல உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்."

வெளியே வந்து நடையில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. லோடுமேன் சுவரைப் பிடித்தார். சுவர் கைக்கு அகப்படவில்லை. மெதுவாக முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சரிந்து, நடைபாதையின் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டார். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது.

"கொஞ்ச நேரம் இப்படியே விடு," என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

மனைவி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பளார் பளாரென்று அறைய வேண்டும் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு. "என்ன மனுஷன்யா நீ," என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரை நீ என்று கூப்பிட்டதில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் அவர் முகத்து வியர்வையைத் துடைத்தாள். கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, அதையும் அதே முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பையனுக்கு அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டார் லோடுமேன்.

இடுப்பிலிருந்த போன் அடித்தது. பாப்பா.

"கெடைச்சுதாம்மா?"

மனைவி கீழே கிடந்தவரைப் பார்த்தாள். "இல்லம்மா."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது.

"திங்கக்கிழமை நீ போயிடு பாப்பா."

"சரிம்மா," என்றாள் பாப்பா. பிறகு, "காலையில எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டு வைம்மா," என்றாள்.

அப்போது நடையின் கோடியில் தரையை உரசிக்கொண்டு ஏதோ வருகிற சத்தம் கேட்டது. அடுத்த பீரோ. லோடுமேன் முணுமுணுத்ததைத் தேதி போய்ச் சொல்லியிருப்பார் போல, இந்தத் தடவை கோப்புகளை வெளியே எடுத்திருந்தார்கள். கதவைக் கயிறு போட்டுக் கட்டி, அடியில் சாக்கு விரித்து, தொப்பை பியூன் தள்ள, ஒல்லி பியூன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் இழுத்துக்கொண்டு வந்தான். பீரோ அழகாக வழுக்கிக்கொண்டு வந்து, லோடுமேனின் காலருகில் நின்றது.

ஒல்லி பியூன் சங்கடத்தோடு நெளிந்தான். "அக்கா, கோச்சுக்காதீங்க. மேடம் சாப்பிடப் போறதுக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்காங்க. அண்ணனைக் கொஞ்சம் ஓரமா நகர்த்துங்களேன்."

பியூன்கள் இருவரும் பீரோவைப் பிடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கை ஒழியவில்லை. மனைவி போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். குனிந்து, அவருடைய அக்குள்களில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். சட்டை மேலே சுருண்டு, வெறும் முதுகு தரையில் உரசியது. லோடுமேன் பல்லைக் கடித்துக்கொண்டார். அவரைச் சுவரோடு சேர்த்துக் கிடத்திவிட்டு, தன் காலையும் மடக்கிக்கொண்டு அவள் ஒதுங்கி உட்கார்ந்ததும், பியூன்கள் பீரோவைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.