எண்பதுக்குக் கீழே யார் பங்கு

நான் சுண்டு பேசுறேன். இப்போ வேலை பாக்குற ஸ்பீக்கர் கடைக்குப் பின்னாடி, காலி அட்டைப்பெட்டிங்க நடுவுல உக்காந்திருக்கேன். டைப் பண்ணப் பொறுமையில்ல, அதான் வாயால சொல்றேன், போன் எழுதி நம்ம வீட்டு குரூப்புல போடுது.

முதலாளி காலையிலயே சொல்லிட்டார். "ஏற்கெனவே உன்மேல ரெண்டு புகார். இன்னைக்கு மூணாவது வந்துச்சுன்னா நாளைக்கு வராத."

இன்னைக்கு ஸ்பீக்கர் மாட்டப் போன வீடு, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒருத்தரோடது. அவரும் அவர் சம்சாரமும்தான். ஆம்ப்ளிஃபயர், ரெண்டு சின்ன ஸ்பீக்கர், தாளத்தோட கனத்த சத்தத்துக்குன்னு ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டி. எல்லாத்தையும் மாட்டி பாட்டு போட்டேன். டிரைவர் சார் கண்ண மூடிக் கேட்டார்.

"தம்பி, பாடுறவன் இருக்கான். தாளம் போடுறவன் எங்க? டீ குடிக்கப் போயிட்டானா?"

"வச்ச இடம் சரியில்ல போல சார்."

"இன்ஜின் சத்தத்த வச்சே எந்த போல்ட் லூசுன்னு சொல்லுவேன். எனக்கே கதையா?"

எங்க தொழில்ல ஒரு வழி இருக்கு. சப்வூஃபர சோபா மேல ஏத்தி வச்சுட்டு, நாம தரையில தவழ்ந்து போகணும். எந்த மூலையில சத்தம் நல்லா கேக்குதோ, பெட்டிக்கு அதான் இடம். தவழ்ந்தேன். காப்பியோட வந்த அந்த வீட்டு அம்மா அப்படியே நின்னுட்டாங்க.

"என்னங்க, இந்தப் பிள்ள எதத் தொலைச்சுச்சு?"

"தாளத்த" அப்படிங்கிறார் அவர்.

எல்லா மூலையும் சுத்திட்டேன், முட்டி தேஞ்சதுதான் மிச்சம். எங்கயும் தாளம் கேக்க வேண்டிய இடத்துல அதே ஓட்டை. அவர் பொறுமை போய் கடைக்கு போன் போட்டார். முதலாளி "பெட்டிதான் பழுது, வேற அனுப்புறேன்"ன்னுட்டார். அப்பாடா, என்மேல தப்பில்லன்னு நெனச்சு, பெட்டியக் கழட்டலாம்னு சோபாவுக்குப் பின்னாடி குனிஞ்சேன். பெட்டி முதுகுல சத்தத்த வடிகட்டுற திருகு ஒண்ணு இருக்கு, அது ஐம்பதுல நிக்குது.

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். ஆம்ப்ளிஃபயர்ல எண்பது ஹெர்ட்ஸ்னு ஒரு கோடு போட்டா, அதுக்கு மேல உள்ள மெல்லிசான சத்தம் சின்ன ஸ்பீக்கருக்கு, கீழ உள்ள கனத்த சத்தம் சப்வூஃபருக்கு. பாகம் பிரிக்கிற மாதிரி. ஒருத்தர் பிரிச்சா போதும், பெட்டி முதுகுல இருக்குற திருக முழுசா திறந்து விட்டுடணும். நான் கதவப் பூட்டிட்டு நாலு தரம் இழுத்துப் பாக்குற ஆளாச்சே! எதுக்கும் இருக்கட்டும்னு அங்கயும் ஐம்பதுல ஒரு கோடு போட்டிருக்கேன். ஐம்பதுக்கும் எண்பதுக்கும் நடுவுல உள்ளது யாருக்கும் இல்லாம அநாதையா போச்சு. தாளக்காரன் அங்கதான் இருந்தான்.

யாரும் பாக்கல. பேசாம திருப்பிட்டு, இடம் மாத்தினேன் சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாம். வேற பெட்டி வந்தாலும் தப்பிச்சேன். ஆனா நல்ல பெட்டிக்குப் பழுதுன்னு பேர் வாங்கிக் குடுத்துட்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்? திருக முழுசா திறந்துட்டு எழுந்தேன்.

"சார், பெட்டி மேல தப்பில்ல. நான்தான் ரெண்டு தரம் வடிகட்டிட்டேன்."

பாட்டு போட்டேன். ஷோகேஸ்ல டம்ளரெல்லாம் கிணுகிணுங்குது. அந்த அம்மா காதப் பொத்திக்கிட்டாங்க. "இதுக்குத் தாளம் தொலைஞ்சே இருந்திருக்கலாம்!"

டிரைவர் சார் சிரிச்சுக்கிட்டே, வேலை முடிஞ்சதுக்கான கடைச் சீட்டுல கையெழுத்து போட்டார். அதுக்குக் கீழயே எழுதியும் வச்சுட்டார்: "தப்பு பண்ணது பையன். கண்டுபிடிச்சதும் பையன்."

முதலாளி அந்தச் சீட்ட ரெண்டு தரம் படிச்சார். "இதப் புகார்ல சேக்குறதா, பாராட்டுல சேக்குறதா?"

நான் பேனாவ எடுத்து அவர்கிட்ட நீட்டினேன்.

"இன்னும் ரெண்டு வாரம் பாக்குறேன். இனிமே திருகுல கை வச்சா, எத்தனையில வச்சேன்னு எழுதி வை."

இதை யார் முதல்ல படிக்கிறீங்களோ, தயவுசெஞ்சு அம்மாகிட்ட வேலை போகலன்னு முதல்ல சொல்லிடுங்க. மிச்சத்த அப்புறம் படிச்சுக் காட்டுங்க.